வதந்திக்குத் தாய் யார்?

ஆட்குறைப்பு பற்றிய பேச்சு ஓர் ஆலையிலோ அலுவலகத்திலோ எழும்போதெல்லாம், அப்பேச்சைப் பேசும் ஊழியரைக் கண்டிக்க மூன்று குரல்கள் உடனே எழுகின்றன. 'வேலையைக் கவனியாமல் வீண்பேச்சுப் பேசுகிறார்கள்' என்பது நிர்வாகத்தின் குரல். 'இறைவன்மீது நம்பிக்கை குன்றியவர்களே நாளையை எண்ணி இப்படிக் கலங்குவார்கள்' என்பது பக்தியின் குரல். 'போகிற நேரத்திலும் எவ்வளவு பணம் கிடைக்கும் என்று கணக்குப் பார்க்கிறார்களே' என்பது வீட்டுத் திண்ணையின் குரல். மூன்றையும் நாம் கேட்டிருக்கிறோம். சில வேளைகளில் நாமே எழுப்பியும் இருக்கிறோம். இம்மூன்று குரல்களும் அநீதிக்குத் துணை போகின்றன என்பதே இங்கு நமது வாதம். தன் பிழைப்பைப் பற்றி ஊகிக்கும் ஊழியரைக் கூண்டில் நிறுத்துமுன், அவரை ஊகிக்கும் நிலையில் விட்டவர் யார் என்று கேட்டாக வேண்டும்.

பொதுப்படப் பேசினால் யாருக்கும் சுடாது. ஆகவே உலகறிந்த ஒரு நிறுவனத்தையே எடுத்துக்கொள்வோம். 1968ஆம் ஆண்டில் ராபர்ட் நாய்சும் கார்டன் மூரும் கலிபோர்னியாவில் தொடங்கிய இன்டெல் நிறுவனம், கணிப்பொறியின் மூளையெனத் தகும் சில்லுகளைச் செய்து உலகெங்கும் பெயர் பெற்றது. அமெரிக்காவின் ஓரிகன், அரிசோனா மாநிலங்களிலும், அயர்லாந்திலும், இஸ்ரேலிலும் அதற்குப் பெரும் ஆலைகள் உண்டு. மலேசியாவின் பினாங்கில் 1972 முதல் அதன் தொழிற்கூடம் இயங்கி வருகிறது. பெங்களூரில் அதன் வடிவமைப்புக் கூடம் இருக்கிறது. இவ்விடங்களில் தமிழ்ப் பிள்ளைகளும் பணிபுரிகிறார்கள் என்பதால், அங்கே வீசும் காற்று இங்குள்ள வீடுகளின் கதவையும் தட்டுகிறது.

இந்நிறுவனத்திற்கு ஆட்குறைப்பு புதிதன்று. 2006இல் 10,500 பணியிடங்களைக் குறைப்பதாக அறிவித்தது. 2016இல் 12,000 பேரை அனுப்புவதாகச் சொன்னது. இருந்தும் 2022ஆம் ஆண்டின் முடிவில் 1,31,900 பேர் அங்கே பணியில் இருந்தனர். 2023 பிப்ரவரியில் நடுநிலை ஊழியருக்கு 5 விழுக்காடு தொடங்கித் தலைமை நிர்வாகிக்கு 25 விழுக்காடு வரை சம்பளம் வெட்டப்பட்டது. 2024 ஆகஸ்ட் 1 அன்று, ஏறத்தாழ 15,000 பேரை, அதாவது ஊழியரில் நூற்றுக்குப் பதினைந்து பேரை, அனுப்பப்போவதாக அறிவிப்பு வந்தது. அவ்வாண்டு டிசம்பரில் தலைமை நிர்வாகி பேட் கெல்சிங்கர் விலகினார். 2025 மார்ச்சில் லிப்-பூ டான் பொறுப்பேற்றார். ஏப்ரல் 24 அன்று, மேலும் ஆட்குறைப்பு உண்டு, அது வரும் மாதங்களில் நடக்கும் என்று ஊழியருக்கு அவர் எழுதினார். எத்தனை பேர் என்று எழுதவில்லை. அந்த எண் ஜூலை 24 அன்றுதான் வந்தது: ஆண்டின் முடிவில் நிறுவனத்தின் மையப் பணியாளர் ஏறத்தாழ 75,000 பேராக இருப்பர் என்று. 2024இன் முடிவில் அவர்கள் 99,500 பேர்.

ஏப்ரல் 24க்கும் ஜூலை 24க்கும் இடையே மூன்று மாதங்கள். இம்மூன்று மாதங்களில் அவ்வூழியர் என்ன பேசியிருப்பார்கள்? எந்தப் பிரிவு முதலில் வெட்டுப்படும்? வயது முதிர்ந்தோரா, புதிதாகச் சேர்ந்தோரா? 2024இல் தாமாக விலக விரும்பியோருக்குத் தனித் திட்டம் இருந்ததே, இம்முறையும் உண்டா? பணியாற்றிய ஆண்டொன்றுக்கு எத்தனை வாரச் சம்பளம்? இன்னும் கைக்கு வராத பங்குகள் என்னாகும்? வேறிடத்தில் கிடைத்த வேலையை இன்றே ஏற்றால் பிரிவுத் தொகை போய்விடுமா? காத்திருந்தால் அந்த வேலை போய்விடுமா? வீட்டுக்கு முன்பணம் கொடுக்கலாமா? பிள்ளையைப் புதிய பள்ளியில் சேர்க்கலாமா? இவற்றில் எந்தக் கேள்வி வீண்பேச்சு? எந்தக் கேள்வி பேராசை? குடும்பப் பொறுப்புள்ள எவரும் கேட்டே தீரவேண்டிய கேள்விகள் இவை. விடை தெரிந்தவர் வாய் திறவாதபோது, விடை தெரியாதவர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கேட்டுக்கொள்கிறார்கள். அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் வதந்தி.

வதந்தி மிகைப்படுத்தும் என்பார்கள். மெய்தான், பல வேளைகளில் மிகைப்படுத்தும். ஆனால் இங்கே நடந்ததைப் பாருங்கள். 2025 ஏப்ரலில் அறிவிப்புக்கு இரு நாள் முன்னதாக, ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் போகக்கூடும் என்று செய்தித்தாள்கள் எழுதின. அதைப் பலர் பீதி கிளப்பும் செய்தி என்றே எண்ணியிருப்பர். இறுதியில் நிறுவனமே சொன்ன கணக்கில், தாமாக விலகியோரையும் சேர்த்து, ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. அதே ஜூலையில் ஓரிகன் மாநிலத்தில் 529 பேரை அனுப்புவதாக அரசுக்கு முறைப்படி அறிவிக்கப்பட்டது. சில நாட்களுக்குள் அவ்வெண் 2,392 ஆகத் திருத்தப்பட்டது. முத்திரையிட்ட அறிவிப்பே சில நாட்களில் நான்கு மடங்குக்கு மேல் பெருகுமானால், உணவுக்கூடத்து மேசையில் பேசப்பட்ட எண்ணைப் பொறுப்பற்றது என்று யார் பழிப்பது?

பிரிவுத் தொகை பற்றிய கணக்கு ஏன் இவ்வளவு பேசப்படுகிறது என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் பணியிலிருந்து நீக்கப்படுவோருக்குப் பிரிவுத் தொகை கொடுத்தே ஆகவேண்டும் என்று எந்த நடுவண் சட்டமும் கட்டளையிடவில்லை. 1988ஆம் ஆண்டுச் சட்டமொன்று, பெருந்தொகையாக ஆட்களை நீக்கும் பெரிய நிறுவனம் 60 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்கிறது. அவ்வளவே. அதற்கு மேல் கிடைப்பதெல்லாம் நிறுவனத்தின் மனம். அதுவும் சும்மா கிடைப்பதில்லை. நிறுவனத்தின்மீது வழக்குத் தொடர மாட்டேன் என்று எழுதிக் கையொப்பமிட்ட பின்னரே கிடைப்பது வழக்கம். நாற்பது வயதைக் கடந்தோரைக் கூட்டமாக நீக்கும்போது, அந்தத் தாளைப் படித்து ஆராய 45 நாளும், கையொப்பமிட்ட பின் மனம் மாறினால் விலகிக்கொள்ள 7 நாளும் தரவேண்டும் என்று 1990ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அவசரத்தில் அஞ்சிக் கையொப்பமிடுவார்கள் என்று சட்டம் இயற்றியோருக்கே தெரிந்திருக்கிறது.

உரிமையாக வரையறுக்கப்பட்ட ஒன்றை யாரும் ஊகிப்பதில்லை. மாதச் சம்பளம் எவ்வளவு என்று எந்த ஊழியரும் வதந்தி பரப்புவதில்லையே! அது ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. பிரிவுத் தொகையோ கொடுப்பவரின் கைக்குள் மூடியிருக்கிறது. மூடிய கைக்குள் என்ன இருக்கிறது என்று, பிள்ளை குட்டிகளோடு எதிரே நிற்பவர் ஊகிக்கத்தான் செய்வார்.

அங்கே மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் வேலையோடு பிணைந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். வேலை போனபின் அதே காப்பீட்டை 18 மாதம் வரை தொடரச் சட்டம் இடந்தருகிறது. ஆனால் இதுவரை நிறுவனம் செலுத்திவந்த பங்கையும் சேர்த்து முழுத்தொகையையும் அவரே கட்ட வேண்டியிருக்கும். வீட்டில் சர்க்கரை நோயாளியோ, கருவுற்ற மனைவியோ இருந்தால், 'எத்தனை வாரச் சம்பளம் கிடைக்கும்?' என்ற கேள்வியின் பொருளே வேறு. எத்தனை வாரம் மருந்து வாங்கலாம் என்பதே அதன் பொருள்.

எச்-1பி விசாவில் சென்றவரின் நிலை இன்னும் இக்கட்டானது. 2017 முதல் நடப்பிலுள்ள விதிப்படி, பணியின் இறுதி நாளிலிருந்து அதிகம் போனால் 60 நாள் அவருக்கு உண்டு. அதற்குள் விசாவை ஏற்று நடத்தும் வேறொரு நிறுவனம் கிடைக்க வேண்டும், அல்லது வேறு நிலைக்கு மாற விண்ணப்பிக்க வேண்டும், அல்லது நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். பள்ளியாண்டின் நடுவில் பிள்ளைகள், தவணை முடியாத வாகனம், ஊரில் பெற்றோர் பெயரில் வாங்கிய வீட்டுக்கடன், இவ்வளவையும் 60 நாளுக்குள் அடுக்கிக் கட்ட வேண்டும். மூன்று மாதம் முன்பே நிலைமை தெரிந்திருந்தால் அவருக்கு 60 நாள் 150 நாளாகியிருக்கும். நிர்வாகத்தின் மௌனம் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது அந்தத் தொண்ணூறு நாட்களை.

நிர்வாகத்தின் தரப்பில் சொல்லப்படும் நியாயங்களையும் நேர்மையாகக் கேட்போம். முதலாவது, நிறுவனம் நொடிந்திருக்கிறது என்பது. மெய்தான். 2024ஆம் ஆண்டின் மூன்றாம் காலாண்டில் மட்டும் இன்டெல் 1,660 கோடி டாலர் இழப்பைக் கணக்கில் காட்டியது. கைப்பேசிச் சில்லுகளின் காலத்தைத் தவறவிட்டது. நுண்மையான சில்லுகளைச் செய்யும் தொழில்நுட்பத்தில் தைவான் நிறுவனத்திடம் பின்தங்கியது. செயற்கை நுண்ணறிவுக்கான சில்லுகளில் என்விடியா முந்திக்கொண்டது. இந்நிலையில் எல்லாப் பணியிடங்களையும் காத்தே ஆகவேண்டும் என்று நாம் வாதிடவில்லை. திருச்சபையும் அப்படிக் கற்பிப்பதில்லை. ஆனால் இந்த நொடிப்புக்கு வழிவகுத்த முடிவுகளை எடுத்தவர் இயந்திரத்தின் அருகே நின்ற தொழில்நுட்பரோ சோதனைக்கூடப் பொறியாளரோ அல்லர். 1990 முதல் தன் சொந்தப் பங்குகளைத் திரும்ப வாங்குவதற்கு மட்டும் ஏறத்தாழ 15,200 கோடி டாலரை இந்நிறுவனம் செலவிட்டதாக அதன் கணக்குகளே சொல்கின்றன. பங்குதாரருக்கு வாரி வழங்க வளம் இருந்த காலமும் உண்டு. அந்நாளில் ஊழியரின் கெட்ட காலத்திற்கென்று உறுதியான ஏற்பாடு ஒன்றைச் சட்டத்தைப்போல் எழுதி வைத்திருந்தால், இன்று யார் ஊகிக்கப் போகிறார்கள்?

இரண்டாவது நியாயம், முன்கூட்டிச் சொல்ல இயலாது என்பது. பங்குச் சந்தையில் உள்ள நிறுவனம், முதலீட்டாளருக்குச் சொல்லாததை ஒரு சாராரிடம் மட்டும் காதோடு சொல்ல முடியாது. பெயர்ப் பட்டியல் முடிவாகாமல் பெயரைச் சொன்னால் அதுவே கொடுமை. இவ்வளவையும் ஏற்கிறோம். ஆயினும் பெயரைச் சொல்ல முடியாத நாளிலும் விதியைச் சொல்ல முடியும். ஆட்குறைப்பு நேர்ந்தால் எந்த அளவுகோலால் ஆட்கள் தெரிவு செய்யப்படுவர், ஆண்டொன்றுக்கு எத்தனை வாரச் சம்பளம் தரப்படும், காப்பீடு எத்தனை மாதம் தொடரும், முடிவு எந்த நாளுக்குள் தெரிவிக்கப்படும் என்பனவற்றை, ஆட்குறைப்பே இல்லாத நல்ல காலத்தில் எழுதி எல்லாருக்கும் கொடுக்க எந்தச் சந்தை விதி தடுக்கிறது?

அப்படி எழுதிக் கொடுக்க முடியும் என்பதற்கு அந்நிறுவனத்திலேயே சான்று இருக்கிறது. கெல்சிங்கர் 2021இல் தலைமைப் பொறுப்பை ஏற்றபோதே, அவர் விலக நேர்ந்தால் என்ன கிடைக்கும் என்பது நியமனக் கடிதத்தில் எழுதப்பட்டிருந்தது. 2024 டிசம்பரில் அவர் விலகியபோது அது பொதுவில் அறிவிக்கப்பட்டது: பதினெட்டு மாத அடிப்படைச் சம்பளம், அத்துடன் ஆண்டு ஊக்கத்தொகை இலக்கின் ஒன்றரை மடங்கு. அவரைக் குறை கூற இதை எழுதவில்லை. தம் கிறிஸ்தவ நம்பிக்கையை மறைக்காமல் வாழ்பவர் அவர். ஆட்குறைப்பு அறிவிப்பைத் தமக்கு வேதனை தரும் செய்தி என்றே 2024இல் ஊழியருக்கு எழுதினார். நமது கேள்வி அமைப்பைப் பற்றியது. பிரிந்து செல்லும்போது பசியறியாதவருக்கு, வாயிலில் நுழையும் நாளிலேயே பிரிவுத் தொகை எழுதி வைக்கப்படுகிறது. அறுபது நாளில் அடுப்பு அணையக்கூடியவரோ, இறுதி நாள் வரை ஊகித்துக்கொண்டிருக்க வேண்டும். உயர்ந்த மாடியில் ஒப்பந்தம் என்று பெயர் பெறுவது, கீழ்த்தளத்தில் கேட்கப்படும்போது பேராசை என்று பெயர் பெறுகிறது.

2024 நவம்பரில், ஓரிகனில் மட்டும் 1,300 பேருக்கு அறிவிப்புப் போய் ஒரு மாதம் ஆவதற்குள், செலவுக் குறைப்பில் நிறுத்தப்பட்டிருந்த இலவசக் காபியும் தேநீரும் ஊழியருக்கு மீண்டும் வழங்கப்படும் என்று அந்நிறுவனம் அறிவித்தது. மனம் சோர்ந்திருப்போர்க்கு ஆறுதலாக இருக்கட்டும் என்பதே நோக்கம். நல்லெண்ணத்தைப் பழிக்க வேண்டாம். ஆனால் அந்த ஊழியர் நிர்வாகத்திடம் கேட்டது காபியையா?

விவிலியத்தை அறிந்த நமக்கு இக்காட்சி புதிதாகத் தோன்ற வேண்டியதில்லை. லூக்கா நற்செய்தியின் பதினாறாம் அதிகாரத்தில், வேலை போகப்போகும் ஒருவரின் மனக்கணக்கை ஆண்டவர் விரிவாக எடுத்துரைக்கிறார். உடலுழைப்புக்கு வலுவில்லாத, கையேந்தவும் மனம் கூசும் அந்த வீட்டுப் பொறுப்பாளர், அடுத்த வேளைக்கு எந்த வாசலுக்குப் போவது என்று கணக்கிடுகிறார். அவர் செய்த வழி நேர்மையற்றது. ஆயினும் வரும் நாளை எண்ணி முன்யோசனையோடு நடந்துகொண்டதைத் தலைவர் பாராட்டுகிறார். இதில் நாம் பெரிதும் கவனிக்காத ஒன்று உண்டு. பொருளை வீணடித்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட அப்பொறுப்பாளரைத் தலைவர் நேரில் அழைத்து, முகம் பார்த்துச் சொல்கிறார். கணக்கை ஒப்படைக்கும் வரை அவருக்குக் காலமும் கிடைக்கிறது. குற்றம் ஏதும் செய்யாத நம் காலத்து ஊழியருக்கு அந்த மதிப்பேனும் கிடைக்கிறதா?

இணைச்சட்ட நூல் இன்னும் ஆழமாகச் செல்கிறது. கூலியாளின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும் என்று கட்டளையிடும் அந்நூல், அதற்குக் காரணமும் சொல்கிறது: அவர் ஏழை, அவர் மனம் அதையே எதிர்நோக்கியிருக்கிறது. கூலி மறுநாள் காலையில் குறையாமல் கிடைத்தாலும், இடையில் ஓர் இரவு அவரைக் காத்திருக்க வைத்ததே அநீதி என்று இறைச்சட்டம் கருதுகிறது. காத்திருப்பு என்னும் துன்பத்தை இறைவன் கணக்கில் எடுத்துக்கொள்கிறார். ஓரிரவுக்கே அப்படியென்றால், மூன்று மாத இரவுகளுக்கு என்ன சொல்வது?

1891 மே 15 அன்று, நம் முன்னோர் சிங்கராயர் என்று அழைத்த திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ, 'ரேரும் நோவாரும்' என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். தேவையின் நெருக்கடியாலோ, இதைவிடக் கேடு வந்துவிடுமோ என்ற அச்சத்தாலோ தொழிலாளர் ஏற்கும் கடுமையான ஒப்பந்தம் அவர்மேல் சுமத்தப்பட்ட வன்முறையே என்று அதில் அவர் எடுத்துரைத்தார். 1981இல் இரண்டாம் அருள் சின்னப்பர், மனித உழைப்பைப் பற்றிய தம் சுற்றுமடலில், மூலதனத்தைவிட உழைப்பே முதன்மையானது என்றார். நேரடியாகச் சம்பளம் தருபவரோடு, உழைப்பின் நிலைமைகளை வகுக்கும் அரசும் பிற அமைப்புகளும் மறைமுக முதலாளிகளாகப் பொறுப்பேற்க வேண்டும் என்றும் கற்பித்தார். 2025 ஆகஸ்டில் அமெரிக்க அரசு 890 கோடி டாலருக்கு இன்டெல்லின் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைத் தனதாக்கிக்கொண்டது. மறைமுக முதலாளியாக இருந்த அரசு பங்குடைய முதலாளியாகவும் ஆனது. பொதுப்பணத்தைச் சில்லுத் தொழிலில் முதலீடு செய்த அரசு, அங்கு உழைப்போருக்கு எழுத்தில் ஓர் உறுதியைக் கேட்டுப் பெறுவது கடமையல்லவா?

அந்த மூன்று மாத மௌனத்தின் நடுவேதான், 2025 மே 8 அன்று, புதிய திருத்தந்தை தேர்ந்தெடுக்கப்பட்டார். பதினான்காம் லியோ என்ற பெயரை ஏன் ஏற்றார் என்பதை இரு நாள் கழித்துக் கர்தினால்களிடம் அவரே விளக்கினார். முதல் தொழிற்புரட்சியின் காலத்தில் பதின்மூன்றாம் லியோ தொழிலாளர் பிரச்சினையை எதிர்கொண்டதையும், இன்று செயற்கை நுண்ணறிவோடு வந்திருக்கும் மற்றொரு புரட்சி மனித மாண்புக்கும் நீதிக்கும் உழைப்புக்கும் அறைகூவலாக நிற்பதையும் அவர் இணைத்துப் பேசினார். அந்தச் செயற்கை நுண்ணறிவு குடியிருக்கும் உடல் சில்லுதான். அச்சில்லைச் செய்யும் கைகளைப் பற்றிய கேள்வி ஏதோ ஒரு தொலைதூர நாட்டின் வணிகச் செய்தி என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

இவற்றிலிருந்து நாம் வந்தடையும் முடிவு இது. ஊழியரின் பிழைப்பைப் பற்றிய உண்மை அவருக்குச் சேரவேண்டிய கூலியின் ஒரு பகுதி. அதை உரிய காலத்தில் கொடுப்பது நீதி. தெரிந்தும் தாமதிப்பது கூலியைப் பிடித்து வைப்பதற்கு ஒப்பாகும். கூலியைப் பிடித்து வைப்பது எவ்வளவு கடுமையான பாவம் என்பதை மறைக்கல்வி வகுப்பில் நாம் எல்லாரும் படித்திருக்கிறோம்.

இதனால் ஊகப்பேச்சு முழுவதும் தூயது என்றாகிவிடாது. இன்னார் போவது உறுதி என்று உடன்பணியாளரின் பெயரைச் சொல்லி அவர் மனத்தை உடைப்போர் உண்டு. இந்த நாட்டினர், அந்த நிறத்தினர் வந்ததால்தான் நம் வேலை போயிற்று என்று வெறுப்பை விதைப்போர் உண்டு. தாம் தப்பினோம் என்ற களிப்பில் போகிறவரைத் திறமையற்றவர் என்பாரும் உண்டு. இவை பிறர் பெயரைக் கெடுக்கும் பாவங்கள். இவற்றை நாம் காக்க வரவில்லை. 'எனக்கும் என் பிள்ளைகளுக்கும் என்ன நேரும்?' என்று கேட்பது வேறு. அயலாரின் வீழ்ச்சியைப் பேசி இன்புறுவது வேறு. இரண்டையும் ஒரே கோலால் அடிக்கும் மறையுரை வலியவர்க்கே உதவும்.

இனி நம் பக்கம் திரும்புவோம். அமெரிக்க நிறுவனத்தின்மீது கல்லெறிவது எளிது. நம் மறைமாவட்டங்களில் திருச்சபையின் பெயரால் நடக்கும் பள்ளிகளும் மருத்துவமனைகளும் உள்ளன. அவற்றுள் சிலவற்றிலேனும், அரசு உதவி பெறாத பிரிவில் பணிபுரியும் ஆசிரியை ஒருவர், ஏப்ரலில் தேர்வுத் தாளைத் திருத்திக் கொடுத்துவிட்டு, ஜூனில் தமக்கு வேலை உண்டா என்று அறியாமல் மே மாதத்தைக் கழிப்பதை நாம் கண்டதில்லையா? 'சிஸ்டர் என்ன சொன்னாங்க? ஃபாதர் மாறிப் போறாராமே, புதுசா வர்றவர் நம்மை வச்சுக்குவாரா?' என்று பள்ளி வாயிலில் அவர்கள் தாழ்குரலில் பேசிக்கொள்வதை நாம் கேட்டதில்லையா? அதற்கும் நாம் வைத்த பெயர் வதந்திதான். கோவில்பிள்ளைக்கும், விடுதிச் சமையற்காரருக்கும், இரவுக் காவலருக்கும் பிரிந்து செல்லும் நாளில் என்ன தரப்படும் என்று எங்கேனும் எழுதி வைத்திருக்கிறோமா? பல ஆண்டு உழைத்தவருக்கு ஒரு பொன்னாடையும் ஒரு படமும் கொடுத்து அனுப்பிய விழாக்களில் நாமும் கைதட்டியிருக்கிறோம். சில்லு செய்யும் நிறுவனத்திடம் கேட்கும் கணக்கைப் பங்குப் பேரவையிலும் கேட்கும் துணிவு நமக்கு வேண்டும்.

பொதுநிலையினராகிய நம்மில் பலர் இன்று மேலாளர்கள். ஆட்குறைப்புப் பட்டியல் தயாராகும் அறைகளில் நம் பங்குமக்களும் அமர்ந்திருக்கிறார்கள். ஞாயிறு திருப்பலியில் வாசகம் வாசிப்பவரே திங்களன்று அந்தப் பட்டியலையும் வாசிக்கக்கூடும். அவரிடம் நாம் கேட்பது மூன்று. நல்ல காலத்திலேயே விதியை எழுதி வைக்கச் சொல்லுங்கள். முடிவு தெரியும் நாளை முன்னதாக அறிவித்து, அந்நாளைத் தவறவிடாதீர்கள். போகிறவரை நேரில் அழைத்து, முகம் பார்த்துச் சொல்லுங்கள். இவை எந்த நிறுவனத்தையும் நொடிக்கச் செய்யா.

வெளிநாட்டில் வேலையிழந்த பிள்ளையின் பெற்றோர் நம் தெருவில் இருந்தால், 'பையனுக்கு வேலை போயிட்டுதாமே, எவ்வளவு கொடுத்தாங்களாம்?' என்று கேட்டுக்கொண்டு போகாதிருப்போம். அன்பியக் கூட்டத்திற்கு அவர்கள் வராமல் இருப்பதற்குக் காரணம் இறைப்பற்றுக் குறைவன்று, நம் கேள்விகள்தாம். அவ்வீட்டுக்குப் போவோம். கேளாமல் அமர்ந்திருப்போம். அந்தப் பிள்ளை திரும்பி வந்தால் உள்ளூரில் அவருக்கு அறிமுகம் செய்யத்தக்கவர் யார் என்று நம்முள் தேடிப்பார்ப்போம். அடுத்த முறை நம் நிறுவனம் ஒன்றின் வாயிலில் தாழ்குரல் பேச்சுக் கேட்டால், பேசுகிறவரை அதட்டுவதற்கு முன், உள்ளே சென்று கதவைத் தட்டி, வெளியே காத்திருப்போருக்குச் சொல்லவேண்டியதை இன்றே சொல்லிவிடுங்கள் என்று கேட்போம்.